‘மாலையில் விடுவிக்கப்பட்டனர்’: மண்டபத்துக்காரன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் மேலாளராக இருக்கிறேன். பெரிய மண்டபம் இல்லை. முந்நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வருகிறவர்கள் தவிர எங்களுக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு: காவல்துறை. ஆர்ப்பாட்டம் செய்தவர்களைப் பிடித்து வைக்க இடம் தேவைப்பட்டால் காலையிலேயே போன் வந்துவிடும். சில நாட்களில் ஆர்ப்பாட்டம் தொடங்கும் முன்பே வந்துவிடும்.

மறுநாள் உங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி ஒரே மாதிரிதான் முடிகிறது. ‘அருகிலுள்ள திருமண மண்டபத்தில் வைக்கப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டனர்.’ படிக்கிறவருக்கு, ஏதோ விருந்துக்குப் போய்விட்டு வீடு திரும்பினார்கள் என்றுதான் தோன்றும். உள்ளே இருந்து பார்க்கிறவன் நான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இத்தனை வருடத்தில் மண்டபம் வேண்டும் என்று எழுத்தில் ஒரு காகிதம்கூட எங்களுக்கு வந்ததில்லை. “அண்ணே, இன்னிக்கு மண்டபம் ஃப்ரீதானே?” என்று ஒரு போன், அவ்வளவுதான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாக இருக்கும் என்பது எங்கள் ஐயரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாடகையை விடுங்கள். கரன்ட் பில், தண்ணி லாரி, மறுநாள் கழிப்பறை கழுவும் அம்மாவின் கூலி எல்லாம் உரிமையாளர் கணக்கில்தான். கேட்டால் மண்டப உரிமம், பார்க்கிங் என்று பேச்சு வேறு பக்கம் திரும்பும். அதனால் யாரும் கேட்பதில்லை.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். காகிதம் இல்லாததால் அன்றைக்கு உள்ளே யார் இருந்தார்கள் என்பதற்கே வெளியே ஆதாரம் இருப்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வருகிறவர்களில் இரண்டு ரகம். பெரிய கட்சிக்காரர்கள் வந்தால் மண்டபம் கலகலவென்று இருக்கும். வேனில் இருந்து கை அசைத்தபடியே இறங்குவார்கள். கால் மணி நேரத்தில் வட்டச் செயலாளர் பிரியாணிப் பொட்டலம் அனுப்புவார், தலைவர் அறையில் ஏ.சி. ஓடும், வாசலில் டிவி கேமரா நிற்கும். ஏட்டு நீள நோட்டை வைத்துக்கொண்டு பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எழுதுவார். தகப்பனார் பெயருக்குக் கட்சித் தலைவர் பெயரைச் சொல்லும் பையன்களும் உண்டு. ஏட்டு தலையைத் தூக்காமல் அதையும் எழுதிக்கொள்வார்.

அதே கட்சியின் கீழ்மட்ட ஆளுக்கு இந்தச் சவுகரியம் கிடையாது. பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவர், போஸ்டர் ஒட்டுகிறவர், இவர்களை விடியற்காலை வீட்டிலேயே எழுப்பிக் கூட்டிவந்துவிடுகிறார்கள். ஆர்ப்பாட்டம் பதினொரு மணிக்கு என்றால் ஆறு மணிக்கே இவர் எங்கள் மண்டபத்தில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பார். எதுவும் செய்யவில்லை, செய்யக்கூடும் என்பதற்காக. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எது எதிர்க்கட்சியோ அது. ஐந்து வருடம் முன்பு காவலில் உட்கார்ந்திருந்தவர்கள் பிறகு ஆளுங்கட்சிக் கரையோடு கல்யாணத்துக்கு வந்து என்னிடம் நலம் விசாரிப்பார்கள். அவர்கள் உட்கார்ந்த அதே நாற்காலிகளில் மறு தரப்புக்காரர்கள் உட்கார்ந்து போயிருப்பார்கள்.

இரண்டாவது ரகம், கட்சி இல்லாத சனங்கள். குடிசை இடிப்பை எதிர்த்தவர்கள், சம்பளம் கேட்டவர்கள், மீனவப் பெண்கள். இவர்கள் வந்தால் முதல் வேலையாகப் போனை வாங்கி ஒரு பையில் போட்டுவிடுவார்கள். பெண்களுக்கு எங்களிடம் இருப்பது மணமகள் அறையை ஒட்டிய இரண்டு கழிப்பறைகள். காவலுக்கு நிற்கும் பெண் போலீசுக்கும் அதேதான், பாவம் அவர்களும் காலையில் இருந்து நிற்கிறவர்கள். ஒருமுறை ஒரு பெண் சமையல்கட்டு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். “அண்ணா, பாப்பா மூணு மணிக்கு ஸ்கூல்ல இருந்து வந்துடும்ணா. சாவி என்கிட்ட இருக்கு. பக்கத்து வீட்டுக்கு மட்டும் சொல்லிடுங்கண்ணா.” நம்பர் மனப்பாடமாக இல்லை, தெருப் பெயரைத்தான் சொன்னார். எங்கள் பையன் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். கைதானவரின் வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டியது காவல்துறையின் கடமை என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இன்று சட்டமாகவே இருக்கிறது. எங்கள் மண்டபத்தில் அதைச் செய்தது தட்டு கழுவுகிற பையன்.

ஆனால் இது கைதுதானா என்பதே தெளிவில்லை. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அதையும் சுலபமாக்க இப்போது வழி வந்துவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172ஆவது பிரிவின்படி, காவல் அதிகாரியின் உத்தரவுக்குப் பணியாதவரைப் பிடித்து வைக்கலாம், அப்புறப்படுத்தலாம். சிறிய விஷயம் என்றால் நடுவரிடம் கொண்டுபோகாமலே 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். பழைய சட்டத்தில் 151 என்று ஏட்டுகள் சொல்லிக்கொண்டிருந்த முன்னெச்சரிக்கைக் கைது 170 என்ற எண்ணில் தனியாக அப்படியே இருக்கிறது.

2025 ஆகஸ்டில் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளுகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள். வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று ஆகஸ்ட் 1இல் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி உயர் நீதிமன்றம் அங்கிருந்து அகற்றச் சொன்னது. உத்தரவு உத்தரவுதான், சரி. அதை நிறைவேற்ற நள்ளிரவுதானா கிடைத்தது? பெண்களை இழுத்து பஸ்களில் ஏற்றி, நகரத்தின் பல மூலைகளில் மண்டபங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் அடைத்தார்கள். சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்ய வேண்டுமானால் விதிவிலக்கான சூழ்நிலை இருக்க வேண்டும், பெண் அதிகாரி முன்கூட்டியே நடுவரின் அனுமதி பெற வேண்டும் என்கிறது சட்டம். கைது இல்லை, அகற்றினோம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது. உடன் நின்ற வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் பிடிபட்டார்கள். அவர்களை விடுவிக்க மறுநாள் உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

அனுமதி வாங்கிவிட்டு உட்காரலாமே என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் 41ஆவது பிரிவின்படி ஐந்து நாள் முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அதன்கீழ் அனுமதியில்லாமல் கூடக்கூடாது என்று காவல் ஆணையர் போடும் உத்தரவு 15 நாளைக்குத்தான் செல்லும், ஆனால் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். அனுமதி கிடைத்தாலும் வழக்கமாகக் கைகாட்டும் இடங்கள் வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உர ஆலையின் அமோனியா கசிந்து பெரியகுப்பம் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆலை இருப்பது எண்ணூரில். வள்ளுவர் கோட்டத்தில் போய்க் கத்தினால் யார் காதில் விழும்? அவர்கள் ஆலை வாசலிலேயே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மாலையில் விட்ட பிறகு நடப்பதுதான் செய்தியில் வருவதே இல்லை. சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, அரசு உத்தரவை மீறியது என்று மூன்று பிரிவில் வழக்கு. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து சம்மன் வரும், ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். கட்சிக்காரருக்கு வக்கீல் அணி இருக்கிறது. சாவியைக் கையில் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? உத்தரவை மீறியதாகச் சொல்லும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018லேயே தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் போட்டார்கள்.

2020 பிப்ரவரி 14 இரவு பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது தடியடி நடந்ததே, நினைவிருக்கிறதா? பிறகு பெண்கள் வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு எதிராகப் போராடியவர்கள் மீது தமிழகமெங்கும் இருந்த 2,282 வழக்குகளையும் சேர்த்து, முந்தைய பத்தாண்டுகளில் போராடியவர்கள் மீது போட்ட 5,570 வழக்குகள் வாபஸ் என்று 2021 செப்டம்பரில் தி.மு.க. முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ரிப்பன் மாளிகை வாசலில் நள்ளிரவில் பஸ் வந்து நின்றதும் அதே ஆட்சியில்தான். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தில் பிடித்து, அதே கட்சியினரை சென்னை மத்திய சிறையில் அடித்த கதை கேட்டு வளர்ந்தவன் நான். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் அதனால்தான் உயிர்விட்டார் என்று எங்கள் தெருவில் கண்ணீரோடு பேசினார்கள். அடி வாங்கியவர்கள் கைக்கு அதிகாரம் வந்தால் இதெல்லாம் நிற்கும் என்று எங்கள் பெரியவர்கள் நம்பினார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். கைதானவர்களின் பெயர், விலாசத்தைக் காவல் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 37ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பட்டியல் மண்டப வாசலிலும் வைக்கப்படட்டும். எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுவந்தார்கள், எந்தப் பிரிவில், யார் உத்தரவில், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்பதையும் எழுதட்டும். மண்டபத்தைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் எங்களுக்கும் தரட்டும். உங்கள் நிருபர்கள் தலைவர் வேனில் ஏறும் படம் எடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் இருந்து அந்தப் பட்டியலைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்திலும் ஒருநாள் போய் உட்காரச் சொல்லுங்கள்.

என் பெயரும் மண்டபத்தின் பெயரும் வேண்டாம். அடுத்த மாதம் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மண்டப மேலாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81