படத்தில் இருக்கும் சமையலறை எத்தனை அடி?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சின்ன சமையலறையில் சாமான்களை அடுக்குவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நான்கு பக்கம், ஒன்பது படங்கள். மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: “இடம் சிறியதல்ல சகோதரிகளே, நம் மனம்தான் சிறியது!” அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அதே வரிதான் இருந்தது.

முதலில் ஒன்று. நான் சகோதரி இல்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி வந்து, குனிந்து நிமிர முடியாமல் போன நாளிலிருந்து, பதினொரு வருடமாக எங்கள் வீட்டுச் சமையல் என் பொறுப்பு. சகோதரிகளே, தோழிகளே என்று மட்டும் கூப்பிடாதீர்கள் என்று முன்பே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஆசிரியருக்கு நினைவிருக்கும். ஒரு கடிதத்தைப் போடவும் செய்தீர்கள். ‘தங்கள் இதழ் அருமை’ என்ற முதல் வரியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். அந்த வரியை நான் மரியாதைக்காக எழுதியிருந்தேன். இந்த முறை எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள்.

மனதை விடுங்கள், இடத்துக்கு வருவோம். எங்கள் சமையலறை ஏழடி நீளம், ஆறடி அகலம். மொத்தம் 42 சதுர அடி. அதிலும் கதவு உள்பக்கம் திறக்கும். நான் உள்ளே நிற்கும்போது மனைவி தண்ணீர் குடிக்க வந்தால் நான் வெளியே வர வேண்டும். உங்கள் முதல் படத்தில், ‘மிகச் சிறிய’ சமையலறையில், நான்கு பேர் நின்று சிரிக்கிறார்கள். நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் பூச்சாடி. சரி, காஸ் சிலிண்டர் எங்கே? குப்பைக்கூடை எங்கே? ஒன்பது படங்களிலும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன், ஒரு கரித்துணிகூட இல்லை. சின்ன சமையலறையில் பாதி இடத்தைப் பிடிப்பதே இந்த அழகில்லாத சாமான்கள்தான். சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், படுக்கவைக்க முடியாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் காற்றுப் போகாத அலமாரிக்குள் அதைப் பூட்டிவைக்கவும் கூடாது. அதற்கு விட்டது போக மிச்சத்தில்தான் நாங்கள் அடுக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

‘ஒரே மாதிரி உருண்டைக் கண்ணாடி ஜாடி இருபத்து நான்கு வாங்கி அடுக்குங்கள், கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்கிறார் கட்டுரையாளர். வாங்கி அடுக்கிப் பார்த்தவன் சொல்கிறேன். உருண்டையை வரிசையாக வைத்தால் நடுநடுவே ஒன்றுக்கும் உதவாத சந்து விழும். சதுரத்துக்குள் வட்டம் போட்டால் பரப்பில் 78.5 சதவீதம்தான் நிரம்பும், பள்ளிக்கூடக் கணக்கு. தட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே வீண். பெரிய சமையலறைக்காரர் அதைத் தாங்குவார். எங்கள் அலமாரியின் ஆழம் 12 அங்குலம். நான்கு அங்குல ஜாடி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நிற்கும். மூன்றாவதை எடுக்க முன்னால் இருக்கும் இரண்டை இறக்க வேண்டும். இறக்கிவைக்க மேடையில் இடம் வேண்டும். மேடையில் இடம் இருந்தால் நான் ஏன் உங்கள் கட்டுரையைப் படிக்கப்போகிறேன்?

போன மாதம் பின்வரிசையைக் காலி செய்தேன். பிரிக்காத உப்புப் பாக்கெட் நான்கு கிடைத்தது. ஒவ்வொரு முறையும் உப்பு தீர்ந்துவிட்டது என்று நினைத்து வாங்கியவை. நான்கும் கல்லாக இறுகிக் கிடந்தன. அன்றைக்குத்தான் புத்தி வந்து ஜாடிகளை ஒழித்தேன். இப்போது சதுர டப்பாக்களை ஒரு நீள டிரேயில் வரிசையாக வைத்து, டிரேயையே வெளியே இழுக்கிறேன். டப்பாவின் பெயரை மூடிமேல் எழுதுவதில்லை, முன்பக்கம் எழுதுகிறேன், வாங்கிய மாதத்தோடு. பழையது முன்னால், புதியது பின்னால். விருந்தாளிகளுக்கு டீ கொண்டுபோகும் டிரேதான் அது. அவர்களுக்கு இப்போது டீயைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு படத்தில் எண்ணெய்க் குப்பிகள் அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னல் வெயிலில் பளபளவென்று நிற்கின்றன. வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதே ஜன்னலோரத்தில் கூடை நிறைய உருளைக்கிழங்கு. வெளிச்சத்தில் கிடந்தால் அது பச்சையாகும், கசக்கும், சாப்பிடுவதற்கும் நல்லதல்ல. படம் எடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. படத்தைப் போட்டவர்களுக்கு?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்கு முன் இதே பகுதியில் ‘சுவரின் உச்சிவரை இடம் சும்மா கிடக்கிறதே, அங்கே அலமாரி போடுங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். நம்பினேன். தச்சரைக் கூப்பிட்டு உச்சியில் இரண்டு தட்டு போட்டேன். என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். பாத்திரம் கழுவிய ஈரக்காலோடு ஸ்டூலில் ஏறி, மேல்தட்டிலிருந்த பெரிய பாத்திரத்தை இழுத்தேன். பாத்திரம் வந்தது, நானும் வந்தேன். வலது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் முழங்கால் வலியோடு சமைத்தவர் என் மனைவி. அதற்கு நான் உங்களுக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. வலது கையல்லவா.

மேல்தட்டு எனக்கு எட்டாது, கீழ்த்தட்டுக்கு அவரால் குனிய முடியாது. இடுப்பிலிருந்து கண்மட்டம்வரை உள்ள இரண்டு தட்டுகள்தான் எங்கள் இருவருக்கும் பொதுச்சொத்து. தினமும் தொடுவதெல்லாம் அங்கேதான். அந்த இரண்டு தட்டுகளையும் நாங்கள் பங்கு பிரித்த கதையை எழுதினால் உங்கள் தொடர்கதைப் பக்கத்துக்கு ஆறு மாதம் வரும். கடைசியில் வழி கிடைத்தது ஒரு அரைத்தட்டில். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 15 அங்குலம், டப்பாவின் உயரமோ ஆறு. மேலே ஒன்பது அங்குலம் காலி. அதில் நாலு கால் வைத்த ஒரு பலகையைச் செருகினேன். இரண்டு தட்டு மூன்று தட்டானது. இதற்கு மனம் பெரிதாக வேண்டியிருக்கவில்லை, அளவு நாடாதான் வேண்டியிருந்தது.

அப்புறம், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து வீடுகளுக்காக 1926-இல் வந்த ‘பிராங்பர்ட் சமையலறை’யைப் பற்றி ஒரு வரி சேர்த்து, ‘அன்றைக்கே முடிந்தது இன்றைக்கு முடியாதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர். அந்த அறை சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், கிட்டத்தட்ட 70 சதுர அடி. எங்களுக்கு அது மைதானம். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகலான சமையலறையை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்துப் போட்ட திட்டம் அது. கைப்பிடியும் ஊற்றுமூக்கும் வைத்த சின்னச் சின்ன அலுமினியப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன என்று பெயர். இழுத்து எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். பிராங்பர்ட்டில் சுமார் 10,000 வீடுகளில் இதை வைத்தார்கள். இதை வடிவமைக்கும்வரை தான் சமைத்ததே இல்லை என்று அந்த அம்மையாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சமைக்காதவர் அளந்து பார்த்தார். சமைக்கிற உங்கள் கட்டுரையாளர் நாடாவைத் தொடவில்லை.

கட்டுரையின் கடைசி யோசனை, ‘ஒரு வருடமாகத் தொடாததைத் தூக்கிப் போடுங்கள்’. எங்கள் சமையலறையில் பதினொரு வருடமாக நான் பயன்படுத்தாத சாமான் ஒன்று கதவோரம் தொங்குகிறது. தீயணைப்பான். அதையும் போட்டுவிடட்டுமா? வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் குடும்பத்தோடு வரும்போது மட்டும் இறங்கும் பெரிய பாத்திரம் ஒன்று இருக்கிறது. என் மணிக்கட்டை உடைத்த அதே பாத்திரம். இப்போது அது கட்டிலுக்கடியில், வயிறு நிறையப் போர்வைகளோடு இருக்கிறது. அதை இடத்தை அடைக்கும் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய மனம்.

சந்தா கட்டியதற்கு நீங்கள் பரிசாக அனுப்பிய டப்பா செட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று டப்பா, மூன்று அளவு, மூன்றுக்கும் வேறு வேறு மூடி. ஒன்றுக்குள் ஒன்று போகாது, ஒன்றின்மேல் ஒன்று நிற்காது. வழுக்கும். வருடாவருடம் வருகிறது. என்னிடம் இப்போது ஒன்பது டப்பா, ஏழு மூடி. மீதி இரண்டு மூடி எங்கே என்று கேட்காதீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இனி சமையலறைப் படம் போடும்போது, அதன் கீழே நீளம், அகலம், மேடையின் உயரம், தட்டின் ஆழம் ஆகிய நான்கு எண்களைச் சின்ன எழுத்தில் போடுங்கள். கொட்டை எழுத்து வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் நாடா இல்லையென்றால் சொல்லுங்கள், என்னுடையதை அனுப்புகிறேன். மூன்று மீட்டர் நாடா. எங்கள் சமையலறைக்கு அதிலேயே மிச்சம் விழுகிறது.

இப்படிக்கு,
பத்தொன்பது வருட வாசகன்

பி.கு.: அந்தக் கட்டுரையில் சிங்க் அடியில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளும் யோசனை உருப்படியாக இருந்தது. வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்ட எடுத்தேன். அதன் பின்பக்கம் குறுக்கெழுத்துப் போட்டி. என் மனைவி பாதி நிரப்பியிருந்தார். அடுத்த முறை பின்பக்கத்தில் விளம்பரம் போடுங்கள்.