பெட்டியைத் தூக்கிப் போடவில்லை, மச்சான்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பழைய கம்பியூட்டர் பெட்டியைத் தூக்கிப் போடு, காசு அனுப்புகிறேன், புது லப்டொப் வாங்கு என்று எழுதியிருந்தாய். காசு வேண்டாம். பெட்டி ஓடுகிறது, இதையும் அதிலிருந்துதான் அடிக்கிறேன். போனது உள்ளே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போட் மட்டும்தான், அதை மாற்றியாகிவிட்டது.

ஐப்பசியில் இங்கே பின்னேரங்களில் இடி முழங்குவது உனக்குத் தெரியும். மல்லாவிப் பக்கம் ஒருநாள் விழுந்த மின்னலுக்குப் பிறகு பட்டனை அழுத்தினால் காற்றாடி கொஞ்சம் சுற்றி நின்றுவிடும், முன்பக்க லைட் மஞ்சளாக மினுங்கும், திரையில் ஒன்றும் வராது. கரண்ட் போனால் பற்றரியில் ஓட்டும் யூபிஎஸ் இருந்ததே என்று கேட்பாய். இருந்தது, ஆனால் யூபிஎஸ் காப்பது கரண்ட் வரும் வழியைத்தான். மின்னல் வந்தது டெலிபோன் கம்பியால். ரவுட்டரை எரித்து, அங்கிருந்து லான் வயர் வழியாக நேரே மதர்போட்டுக்குள் போயிருக்கிறது. மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். லான் வயர் செருகும் இடத்துக்குப் பின்னால் இருந்த சின்னச் சிப்பின் ஒரு மூலை வெடித்து, சுற்றிவரப் பச்சைப் பலகை மண்ணிறமாகக் கருகியிருந்தது. கிட்டப் போனால் இன்னும் கருகல் மணம்.

அப்படி இருந்தும் உடனே மதர்போட்தான் என்று முடிவு கட்டவில்லை, ஏனென்றால் பவர் சப்ளை பழுதானாலும் இதே கூத்துத்தான் நடக்கும். இதே மொடல் வைத்திருக்கும் பெடியன் ஒருவனிடம் பவர் சப்ளையை இரவல் வாங்கிக் கொழுவிப் பார்த்தேன், ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், ஹாட்டிஸ்க்கையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன், 3 வோல்ட் பட்டன் பற்றரியையும் மீற்றர் வைத்து அளந்தேன். எல்லாம் சரி. என்னுடைய ரேமும் ஹாட்டிஸ்க்கும் அவனுடைய பெட்டியில் நன்றாக வேலை செய்தன. அதன் பிறகுதான் நிம்மதி. இடப்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்த சனம் பிறகு அலைந்து திரிந்து எடுத்த காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் பிரதிகளை என்னிடம் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறார்கள், கமக்கார அமைப்பின் பெயர்ப் பட்டியல்களும் அந்த ஹாட்டிஸ்க்குக்குள்தான் கிடக்கின்றன. இனி எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வெளி டிஸ்க்கிலும் இருக்கும்.

கடையில் விற்கிற ஒரு மதர்போட்டை வாங்கிப் போட முடியாதா என்று கேட்டிருந்தாய். கடையில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய பெட்டி என்றால் முடியும். என்னுடையதைப் போலப் பெரிய கொம்பனிகளின் பெட்டிகள் வேறு. வழமையான போட்டுக்கு 24 ஊசி உள்ள பவர் வயர் வேண்டும். டெல்லின் 2013, 2014 கால ஒப்டிபிளெக்ஸ் சிலவற்றில் வருவது 8 ஊசி, எச்பியின் அந்தக் காலத்து எலைட்டெஸ்க் சிலவற்றில் 6 ஊசி. முன்பக்கப் பட்டனின் வயரும் அவர்களுடைய தனி அமைப்பு, திருகாணி ஓட்டைகளும் பலவற்றில் மற்ற போட்டுகளோடு பொருந்தாது. மாற்றுச் செருகி வாங்கிப் பவரைச் சமாளித்தாலும் மற்றது இடிக்கும். ஒரே மொடல் பெயரிலேயே பெரிய பெட்டிக்கு ஒரு போட், ஒடுங்கிய பெட்டிக்கு வேறு போட் என்று இருக்கிறது, ஆகவே மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. போட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரில் உள்ள பாக இலக்கத்தைப் படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். பம்பலப்பிட்டியில் தேடி அதே இலக்கத்தில் பாவித்த போட் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். கொழும்பு பஸ்ஸில் பார்சலாக வந்தது, மாங்குளம் சந்தியில் போய் எடுத்துக்கொண்டேன்.

மாற்றும்போது பயந்த இடம் ஒன்றுதான், கணக்குப் போடும் முக்கியச் சிப்பான சிபியூ உட்காரும் சொக்கற். இந்த வகையில் ஊசிகள் சிபியூவில் இல்லை, போட்டில்தான் 1150 ஊசிகள், ஒவ்வொன்றும் மயிர் போல மெல்லிசு. ஒன்று வளைந்தாலும் போட் வேலை செய்யாமல் போகலாம். வந்ததும் முதலில் அதைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன், எல்லாம் ஒரே பக்கம் ஒரே சரிவில் நின்றன. மூலையில் உள்ள முக்கோண அடையாளத்தைப் பார்த்துச் சிபியூவை மெல்ல வைத்து, சூட்டைக் கடத்த அதன் மேல் பூசியிருந்த பழைய பேஸ்ட்டை ஸ்பிரிற்றால் துடைத்து, புதிதாகக் கொஞ்சம் வைத்துப் பூட்டினேன்.

பெட்டி உயிர்த்தது, ஆனால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றது. இந்த இடத்தில்தான் பலர் ஹாட்டிஸ்க் போய்விட்டது, போர்மட் பண்ணு என்று சொல்லி உள்ளதையும் அழித்துவிடுகிறார்கள், எனக்கு அது சரியான கவலை. போட்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம் பயோஸ். டிஸ்க்கோடு பேசும் முறை பழைய போட்டின் பயோஸில் 'ரெய்ட்' என்று இருந்தது, வந்த போட்டில் 'ஏஎச்சிஐ'. அதை முன்னிருந்தபடி மாற்றியவுடன் எல்லாம் அப்படியே வந்தது, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் உட்பட. விண்டோஸின் லைசென்ஸ் மதர்போட்டோடு சேர்ந்தது. நல்லகாலம், இந்தப் போட்டும் முன்பு விண்டோஸ் 10 ப்ரோ ஓடிய பெட்டியில் இருந்ததாம், இணையத்தில் கொழுவியதும் தானாகவே சரிவந்துவிட்டது.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது எனக்கும் தெரியும். என்னுடைய பெட்டியில் உள்ள இன்டெல் நாலாம் தலைமுறைச் சிபியூவை விண்டோஸ் 11 ஏற்காது. மெல்ல விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸுக்கு மாறப் போகிறேன், அதில் கடிதம் அடிக்கும் லிப்ரே ஒபிஸில் பாமினி ஒழுங்காகத் தெரிகிறது, ஸ்கேனர் மட்டும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. டெலிபோன் கம்பிக்கு மின்னல் தடுப்பான் ஒன்று போட்டுவிட்டேன், என்றாலும் இடி கேட்டால் கம்பியையே கழற்றி வைக்கிறேன்.

காலபோக விதைப்பு முடிந்தது, வவுனிக்குளத்தில் தண்ணீர் ஏறுகிறது. அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. உன்னுடைய ஒபிஸிலும் இந்த வகைப் பெட்டிகளைக் கழிக்கிறார்கள் என்றாயே, முழுப் பெட்டி வேண்டாம், வரும்போது டிடிஆர்3 ரேம் கிடைத்தால் கொண்டு வா. பள்ளிக்கூடத்திலும் இதே பெட்டிகள்தான், ரேம் பற்றாமல் நிற்கின்றன.

அன்புடன்,
உன் மல்லாவி நண்பன்