மழலைக்கென்று நீர்த்த இசை எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் குழந்தைகள் தொலைக்காட்சி பற்றி வெளிவந்த கட்டுரையில், மழலையர் நிகழ்ச்சிகளில், சிறு நிறுவனங்களின் வழியே வளர்ந்த இண்டி ராக் இசைக்குழுக்களைப் பாடவைப்பது பெற்றோர் தங்கள் ரசனையைப் பிள்ளைகள் மேல் ஏற்றும் வேலை என்றும், ராக் இசை பதின்ம வயதில் தானாக வந்து சேரும் என்பதால் மூன்று வயதுக்கு எளிய பாட்டுகளே போதும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்த நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிபரப்பான ஆண்டுகளில் அங்கே ஒரு சிறு பிள்ளையை வளர்த்தவள் என்ற முறையில், இந்தக் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன 'யோ கேபா கேபா' நிகழ்ச்சி, 2007 ஆகஸ்டில் நிக்கலோடியன் தொலைக்காட்சியின் மழலையர் பிரிவில் தொடங்கியது. அதை உருவாக்கிய கிறிஸ்டியன் ஜேக்கப்ஸ், ஸ்காட் ஷுல்ட்ஸ் இருவரும் இசையிலிருந்து வந்தவர்கள். ஜேக்கப்ஸ் 'தி அக்வாபேட்ஸ்' குழுவின் பாடகர். பிள்ளைகளைப் பெற்ற தகப்பன்மார்களாகத் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் இவர்கள் இந்த வேலையில் இறங்கினார்கள். ஆரஞ்சு நிறச் சட்டையும் உயரமான தொப்பியும் அணிந்த தொகுப்பாளர் டிஜே லான்ஸ் ராக், கையில் ஒரு பெரிய டேப் ரெக்கார்டரோடு வந்து ஐந்து பொம்மைகளுக்கு உயிர் கொடுப்பார். அவர்களின் கதைக்கு நடுவே ஒரு குழு மேடையேறி ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போகும். இண்டி ராக் அந்த வீடுகளுக்குள் நுழைந்தது அந்த ஒரு பாட்டின் வழியாகத்தான்.

பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராமல், சிறு நிறுவனங்களின் வழியே தங்கள் பாட்டை வெளியிட்டு வளர்ந்த குழுக்களை இண்டி என்கிறோம். சியாட்டிலின் சப் பாப் நிறுவனத்தில் இருந்த 'தி ஷின்ஸ்' இந்த மேடைக்கு வந்தபோது, தோற்றாலும் பரவாயில்லை, மறுபடி முயன்று பார் என்று ஒரு பாட்டுப் பாடினார்கள். ஜார்ஜியா மாநிலத்து ஏதன்ஸ் நகரிலிருந்து வந்த 'ஆஃப் மாண்ட்ரியால்' பல் தேய்ப்பதைப் பற்றிப் பாடியது. பொருள் குழந்தையின் அன்றாடம். ஆனால் மெட்டும் வாத்தியக் கோப்பும் அந்தக் குழு பெரியவர்களுக்கு வாசிக்கிற அதே தரத்தில் இருந்தன. பிள்ளைகளுக்குப் பாடுகிறோம் என்பதற்காக யாரும் குரலைக் குழைத்துக் கொஞ்சவில்லை, தாளத்தை மொட்டையாக்கவில்லை. கட்டுரையாளர் எளிய பாட்டு என்று சொல்வதற்கும் நீர்த்த பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நான் நினைக்கிறேன். தாலாட்டு எளியது, ஆனால் அதில் நீர் கலக்கவில்லை. கணினியில் ஒரே தாளத்தைப் போட்டு, கிணுகிணுவென்ற ஒரு குரலை அதன் மேல் ஏற்றி, இருபது பாட்டை ஒரே அச்சில் வார்த்து வெளியிடுகிறார்களே, அது எளிமை அல்ல; கேட்பது குழந்தைதானே என்ற அலட்சியம்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பல் தேய்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தவனை அந்தப் பாட்டின் முன்னால் உட்காரவைத்தேன். அவன் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றுகொண்டு, "அம்மா, அந்த மாமா விரல் எப்படி ஓடுது பாரு" என்றான். பல் தேய்த்தானா என்பது இப்போது நினைவில் இல்லை. கம்பியின் மேல் ஓடிய விரலையும் அதிலிருந்து எழுந்த ஒலியையும் அவன் சேர்த்துப் பார்த்த அந்தக் கணம் நினைவிருக்கிறது. அதுவரை அவனுக்குப் பாட்டு என்பது பெட்டியிலிருந்து வருவது. அன்று முதல் அது ஒரு மனிதர் கையால் செய்வதாயிற்று. அடுத்த பல நாட்களுக்கு வீட்டில் இருந்த பூரிக்கட்டை கிட்டாராகவே இருந்தது.

அதே நிகழ்ச்சியில் ராப் கலைஞர் பிஸ் மார்க்கி வாயாலேயே தாளம் போடக் கற்றுக்கொடுத்தார். டெவோ என்ற ராக் குழுவின் மார்க் மதர்ஸ்பா படம் வரையக் கற்றுக்கொடுத்தார். பிஸ் மார்க்கியைப் பார்த்ததும் எனக்கு நம் பிள்ளைகள் மிருதங்கத்தைத் தொடும் முன் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதுதான் நினைவுக்கு வந்தது. என் மகனுக்கு 'தகதிமி'யை நான் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பகுதியைப் பார்த்த பிறகுதான்.

இது அந்த ஒரு நிகழ்ச்சியோடு பிறந்த யோசனையும் அல்ல. 1973-இல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியின் தெருவுக்குப் பாடகர் ஸ்டீவி வொண்டர் தம் முழு வாத்தியக் குழுவோடு வந்து, ஆறு நிமிடத்துக்கும் மேலாக எதையும் சுருக்காமல் வாசித்தார். அங்கிருந்த பிள்ளைகள் தன்னை மறந்து ஆடியதை இன்றும் பார்க்கலாம். 2008-இல் கனடாவின் பாடகி ஃபைஸ்ட் அதே தெருவுக்கு வந்து, தம் புகழ்பெற்ற காதல் பாட்டு ஒன்றின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நான்கு வரை எண்ணும் பாட்டாக அதை மாற்றிப் பாடினார். பென்குவின்களும் கோழிகளும் நான்கு நான்காக வந்து சேர்ந்தன. நான்கைத் தாண்டி எண்ணத் தெரிந்த என் மகன், அதற்குப் பிறகும் நான்கோடு நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினான். மெட்டு அங்கே முடிகிறது என்பது அவனுக்குப் பிடிபட்டிருந்தது.

பெற்றோரின் ரசனை இதில் கலந்திருக்கிறது என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. கலந்திருந்ததனால்தான் நாங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தோம். வேறு பல நிகழ்ச்சிகளைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போன நான், இதை மட்டும் அவனோடு முழுதாகப் பார்த்தேன். எந்தக் குழு வருகிறது என்று எனக்கே ஆவல் இருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பிடித்த பாட்டு ஒரு வீட்டில் எவ்வளவு அரிது என்பதைப் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவார்கள். திணிப்பு வேறு. பிடிக்காத குழு வந்தால் அவன் எழுந்து தன் கார் பொம்மையை எடுக்கப் போய்விடுவான். நான் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

குறைகளும் உண்டு. கண்ணைப் பறிக்கும் நிறங்களும் விட்டுவிட்டு வெட்டும் காட்சிகளும் என் மகனைச் சில வேளைகளில் களைப்பாக்கின. ஒரு பகுதிக்கு மேல் நான் பார்க்கவிட்டதில்லை. சில குழுக்கள் பேருக்கு வந்து நின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு மருந்து இன்னும் அக்கறையாகக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பது. அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது அல்ல.

2024-இல் ஆப்பிள் டிவி தளத்தில் அந்தப் பொம்மைகள் 'யோ கேபா கேபாலேண்ட்' என்ற பெயரில் திரும்பி வந்திருக்கும் நிலையில், தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழில் குழந்தைகள் நிகழ்ச்சிகளை மதிப்பிடும்போது கதை, பாடம், வன்முறை ஆகியவற்றை மட்டும் பார்க்கிறீர்கள். அதில் வாசிப்பது யார், வாத்தியம் உண்மையானதா, அந்தப் பாட்டைப் பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து கேட்பாரா என்பதையும் இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக்காகவே நான் அந்தப் பக்கத்தை முதலில் புரட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி