பிளவ் லேனுக்கு வாருங்கள், அத்தான்

அன்புள்ள அத்தான்,

இன்று 2025 மே 28. விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002இல் சம்மதம் கொடுத்த நாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை வெம்ப்ளியில் எங்கள் உதைபந்தாட்டக் கிளப் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் வோல்சோலை 1-0 என்று வென்றதற்கு நீங்கள் அனுப்பிய 'வாழ்த்துகள்' கிடைத்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர் பாதிப்பேர் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். அக்காவும் வாசிப்பா. ஆகவே சிலதை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விம்பிள்டனின் மைதானம் பிளவ் லேன், அந்தப் பெயரை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள். டூட்டிங்கில் இருந்து நடந்து கூட்டிப்போவீர்கள். 1988 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக லோரி சான்செஸ் தலையால் அடித்த கோலையும், ஓல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்ததையும் நீங்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு வீடியோ தேவைப்படாது. வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் யாரும் அதற்கு முன் பெனால்டி தடுத்ததில்லை என்பதை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பீர்கள். 1991இல் பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம், கிறிஸ்டல் பலஸ்காரரிடம் 3-0 தோல்வி. அன்று அழுதது நீங்கள், நான் இல்லை. அந்த அத்தான்தான் 2002இல் வேறு பக்கம் போய் நின்றார் என்பதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

உங்கள் வாதம் எனக்கு மனப்பாடம். "நாங்களே ஊரை விட்டு வந்தவர்கள். ஒரு கிளப் மில்டன் கீன்ஸுக்குப் போனால் மட்டும் என்ன குறைந்துவிடும்?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன். எங்களைத் துரத்தினார்கள், வந்தோம். ஊர் அங்கேயேதான் இருக்கிறது. கோயில், கிணறு, சந்தி எல்லாம் அங்கே. நாங்கள் வந்த இடத்தை ஊர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 1889இல் தொடங்கிய ஒரு கிளப்பை, அதைத் தூக்கிப்பிடித்த சனத்தை அங்கேயே விட்டுவிட்டு, பெயரையும் லீக் இடத்தையும் மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். உதைபந்தாட்டச் சங்கம் அமைத்த மூன்று பேர் கொண்ட குழு, இரண்டுக்கு ஒன்று என்று சம்மதித்தது. விம்பிள்டனிலேயே புதிதாகத் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் எழுதிவைத்தார்கள். ஊர் இழந்தவர் நீங்கள். அதை வாசித்து உங்களுக்குக் கொதித்திருக்க வேண்டும், அத்தான்.

சரி. 2002இன் அந்த ஆகஸ்ட் சனிக்கிழமைக்கு வருகிறேன். இவ்வளவு காலமும் நாங்கள் இருவரும் சுற்றிச் சுற்றிப் போய், தொடாமல் வந்த இடம் அது.

பழைய கிளப் அப்போது ஆடிவந்த செல்ஹர்ஸ்ட் பார்க் வாசலில் நான் பதாகையுடன் நின்றேன். கிலிங்ஹாமுடன் சீசனின் முதல் ஆட்டம். உள்ளே போகிறவர்களைப் பார்த்துக் கூட்டம் "கருங்காலி" என்று கத்திக்கொண்டிருந்தது. நீங்கள் வந்தீர்கள். கையில் பெரியவன். அவனுக்கு நீங்கள் வாங்கிக்கொடுத்த நீலச் சட்டை இரண்டு அளவு பெரிது, கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது. கூட்டத்தின் பக்கம் இருந்த அவன் காதை உங்கள் உள்ளங்கையால் பொத்தியிருந்தீர்கள். நேரே கதவைப் பார்த்து நடந்தீர்கள். அவன் மட்டும் திரும்பி, என்னைக் கண்டு, "மாமா!" என்று கையைத் தூக்கினான். என் கைகள் இரண்டும் பதாகைக் கம்பில் இருந்தன. பக்கத்தில் நின்றவர் உங்களை நோக்கி இன்னும் கேவலமாக ஒன்று சொன்னார். பிறகு கதவு சுழன்றது, நீங்கள் இருவரும் உள்ளே போய்விட்டீர்கள்.

அவன் காதில் அது விழுந்ததற்காக இப்போதும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், உங்களிடமும் அக்காவிடமும். ஆனால் நான் அங்கே நின்றது சரி. நாளைக்கு அப்படி ஒன்று நடந்தாலும் நிற்பேன். அன்று வாசலில் சண்டை இருக்கும் என்று தெரிந்தும் பிள்ளையை ஏன் கூட்டிவந்தீர்கள்? எங்கள் முன்னால் நடத்திக்கொண்டு போவதற்கா? இதைக் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன்.

அந்த ஒக்டோபரில் பழைய கிளப் ரொதரமுடன் ஆடியபோது மைதானத்தில் 849 பேர். அதில் நீங்களும் ஒருவர் என்று அக்கா சொன்னா. அதே ஆண்டு ஜூலையில் சட்டனில், ஆதரவாளர்கள் நாங்களே தொடங்கிய புதிய கிளப்பின் முதல் ஆட்டத்துக்கு 4,657 பேர் வந்தோம். பொதுவெளிப் புல்லில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சில நாட்களில் சேர்த்த அணி, 4-0 என்று தோற்றது. தோற்ற பிறகும் யாரும் வீட்டுக்குப் போக விரும்பவில்லை. அங்கே நீங்கள் இருந்திருக்க வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் கவலை அதுதான்.

நீங்கள் வீடு வாங்கி மில்டன் கீன்ஸுக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே விற்ற விலைக்கு யார்தான் வாங்க முடியும்? வீடு குடிபூரலுக்கு நான் வராததன் காரணத்தை இங்கே எழுதமாட்டேன், அது அக்காவுக்கும் எனக்கும் தெரியும். 2012 டிசம்பரில் உங்கள் எம்.கே. டொன்ஸும் எங்கள் கிளப்பும் முதல்முறை மோதி, கடைசி நேரத்தில் குதிகாலால் தட்டிய ஒரு கோலில் நாங்கள் தோற்ற அன்று நீங்கள் போன் எடுத்தீர்கள். நான் எடுக்கவில்லை. ஆறுதல் சொல்லத்தான் எடுத்தீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பேசியிருந்தால் என் வாயில் நல்ல வார்த்தை வந்திராது.

எங்கள் பக்கம் முழுக்கச் சுத்தம் என்றும் சொல்லமாட்டேன். கிங்ஸ்மெடோ மைதானத்தை நாங்கள் வாங்கினோம், பிறகு செல்சிக்கு விற்றோம். அது கிங்ஸ்டோனியன் கிளப்காரர் கட்டிய வீடு. 2017இல் அவர்கள் வெளியேறி, அன்றிலிருந்து மற்றவர் மைதானங்களில் ஆடுகிறார்கள். இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் இதை ஒருநாளும் எனக்கு எதிராகப் பாவிக்கவில்லை, அதைக் கவனித்திருக்கிறேன்.

ஆங்கில உதைபந்தாட்டத்தின் ஒன்பதாவது படியில் தொடங்கி, ஒன்பது ஆண்டில் ஐந்து தரம் ஏறி 2011இல் லீக்குக்குள் வந்தோம். 1988 கோப்பையின் பிரதி 2007இலேயே விம்பிள்டன் இருக்கும் மேர்ட்டனுக்குத் திரும்பிவிட்டது. 2020 நவம்பர் 3, டொன்காஸ்டருடன் 2-2, மீண்டும் பிளவ் லேன். கொரோனா காலம், ஒரு சனமும் உள்ளே போகமுடியாது. பழைய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், பழைய நாயோட்ட மைதானம் இருந்த நிலத்தில், ஆதரவாளர்களின் கடன் பத்திரப் பணமும் சேர்த்துக் கட்டியது. போன செப்டெம்பரில் வாண்டில் ஆறு பெருகிப் புல் தரையே உள்ளே இறங்கியது. நியூகாசில் ஆட்டத்தை அவர்கள் ஊரில் போய் ஆடவேண்டி வந்தது. அதே சீசனில்தான் திங்கட்கிழமை ஹிப்போலைட் அந்தக் கோலை அடித்தார். வரும் சீசனில் உங்கள் ஆட்களைவிட நாங்கள் ஒரு படி மேலே. இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது, மன்னியுங்கள்.

முடிவெடுத்துவிட்டேன் அத்தான். ஆகஸ்டில் எங்கள் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு மூன்று டிக்கட் எடுக்கிறேன், உங்களுக்கும் எனக்கும் பெரியவனுக்கும். ஹேய்டன்ஸ் ரோட் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். உங்கள் முழங்காலுக்கு நடக்க இயலாவிட்டால் காரில் வந்து கூட்டிப்போகிறேன். யாராவது உங்களை ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கிளப்பின் சட்டையோடு மட்டும் வந்துவிடாதீர்கள், அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். செல்ஹர்ஸ்ட் வாசலைப் பற்றி அவனிடம் நீங்கள் பேச வேண்டாம். அதை அவனிடம் நானே பேச வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்