மாநாடுகளில் இடைவேளையைக் குறைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாநாடுகளுக்கு மக்கள் உரை கேட்கவே வருகிறார்கள் என்று எண்ணி, ஏற்பாட்டாளர்கள் காலை முதல் மாலை வரை அமர்வுகளை அடுக்கிவிடுகிறார்கள். கட்டுரைகளை வீட்டிலிருந்தே படித்துவிட முடிகிற இக்காலத்தில், பயணச் செலவையும் விடுப்பையும் பொருட்படுத்தாமல் ஒருவர் புறப்பட்டு வருவது, தன்னைப் போலவே அதே சிக்கலோடு மல்லுக்கட்டும் இன்னொருவரை நேரில் சந்திக்கத்தான். சென்ற மாநாட்டில், முன்பின் அறியாத ஒருவர் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து காட்டிய படம், இரண்டு நாள் உரைகள் தராத தெளிவை எனக்குத் தந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அமெரிக்கரான ஹாரிசன் ஓவன், தாம் ஓராண்டு உழைத்து நடத்திய மாநாட்டில் பங்கேற்றோருக்கு மிகவும் பிடித்திருந்தது காபி இடைவேளைதான் என்று உணர்ந்தே, வந்தவர்களே பேசுபொருளைத் தீர்மானிக்கும் முறையை 1985இல் தொடங்கினார்.

எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதில்தான் மனநிறைவு இருக்கிறது. அறிவித்த பேச்சாளர் வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேள்வி நேரத்தை வரவேற்புரைகள் விழுங்கிவிடுவதைப் பொறுக்க முடிவதில்லை. முதன்முறை வருபவர்களோ யாரிடம் பேசுவதென்று தெரியாமல் சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களைப் பிறருக்கு அறிமுகம் செய்துவைக்கவென்றே இருவரை ஏற்பாட்டாளர்கள் நியமிக்க வேண்டும்.

— ஒரு வாசகர்