பாப்பாவுக்கு, கல்கத்தாலேர்ந்து

பாப்பா,

இப்போ ட்ரெயின்ல இருக்கேன், ஹௌராலேர்ந்து டாட்டாநகர் போற வண்டி, நாலு மணி நேரம் ஆகுமாம், நாளைக்கு ஜாம்ஷெட்பூர்ல நாடக ஷோ. எல்லாரும் தூங்கறாங்க. நம்ம ஹீரோ வாயத் தொறந்துட்டு ஒரே குறட்டை, மேடைல கூட அவருக்கு இவ்வளவு வாய்ஸ் வராது. எனக்கு தூக்கம் வரல. முந்தாநேத்து போன்ல கேட்டியே, "58 வயசாச்சு, முட்டி வலிக்குதுன்னு புலம்பற, ஒரு நாள் ஆஃப் கிடைச்சா கால நீட்டி படுக்காம எதுக்குப்பா ஊர் சுத்தற"ன்னு. லாட்ஜ் கவுண்டர்ல நின்னுட்டு பேசினதால ஏதோ மழுப்பிட்டேன். இப்போ உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காத, கண்ணாடில ஒரு காது உடைஞ்சு நூல் கட்டி மாட்டிருக்கேன்.

உனக்கு ஞாபகம் இருக்கா தெரியல. நீ நாலாவது படிக்கறப்ப "எங்கப்பா டெல்லிக்கு ஏழு தடவ போயிருக்காரு"ன்னு கிளாஸ்ல பீத்திட்டு வந்துட்ட. மிஸ் உடனே அப்போ செங்கோட்டை எப்படி இருக்கும்னு அப்பாகிட்ட கேட்டு எழுதிட்டு வான்னுட்டாங்க. நீ நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு வந்து என் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்த. நான் முழிச்சேன். எனக்கு டெல்லில என்ன தெரியும், ஸ்டேஷன் தெரியும், வேன் தெரியும், ஹாலோட பின்பக்க கதவு தெரியும், மெயின் ஸ்விட்ச் எந்தப் பக்கம், 15 ஆம்ப்ஸ் பிளக் எத்தனை, நைட்டு பதினோரு மணிக்கு மேல சூடா சப்பாத்தி எவன் போடுவான், அவ்வளவுதான். செவப்பா இருக்கும்னு சொன்னேன். "அது பேர்லயே இருக்கேப்பா"ன்ன. அம்மா சமையல்கட்டுல சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

எங்க பொழப்பு அப்படித்தான். நடிகருங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேக்கப்புக்கு வந்தா போதும், லைட்மேன் காலைலயே உள்ள போயிடணும், வாடகை ஸ்பாட் வந்துச்சா, வந்ததுல எத்தனை எரியுது, ஜெலட்டின் பேப்பர் ஒட்டணும், வெளிச்சத்த கூட்டிக் குறைக்கற டிம்மர் செட் பண்ணணும், எல்லாம் முடிச்சு ஒத்திகை, ஷோ, அப்புறம் கழட்டி பெட்டில அடுக்கி வெளிய வந்தா ஊரே அடங்கிருக்கும். 31 வருஷமா எத்தனையோ ஊருக்கு வேலைக்குப் போயிருக்கேன், பகல்ல எப்படி இருக்கும்னு கேட்டா பாதி ஊருக்கு பதில் கிடையாது. அந்த செங்கோட்டைக்கு அப்புறம்தான் ஆஃப் கிடைச்சா வெளிய போறதுன்னு முடிவு பண்ணேன். உனக்கு சொல்றதுக்குத்தான் ஆரம்பிச்சேன், ஆனா நான் நாலு ஊர் பாத்துட்டு வர்றதுக்குள்ள நீ பெரிய கிளாஸ் போயிட்ட, ட்யூஷன், எக்ஸாம், கதை கேக்க நேரமில்ல. அப்படியே பழக்கமாயிடுச்சு.

சரி கல்கத்தாக்கு வரேன். சென்னைலேர்ந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல, ஒரு நாளுக்கும் மேல ட்ரெயின். சனி ஞாயிறு ரெண்டு ஷோ, லேக் மார்க்கெட் பக்கம். நம்மாளுங்க தலைமுறை தலைமுறையா இருக்கற ஏரியா, மார்க்கெட்ல முருங்கக்கா கருவேப்பிலை எல்லாம் கிடைக்குது, இட்லி காபிக்கு கஷ்டமே இல்ல. முதல் நாள் ரெண்டாவது சீன்ல ஹால் கரண்ட் ட்ரிப் ஆகி நாலு நிமிஷம் மேடை இருட்டு, கதாநாயகி அப்பா செத்துட்டார்னு அழுதுட்டு இருந்தப்போ. ஜனங்க அத எஃபெக்ட்டுன்னு நெனச்சு கைதட்டிட்டாங்க. நான் வாயே தொறக்கல.

திங்கள்கிழமை ஆஃப். அஞ்சரைக்கு எழுந்து பஸ் பிடிச்சு ஹௌரா பாலத்துக்கு போனேன். பாலத்துக்கு அடியிலயே பூ மார்க்கெட், மல்லிக் காட்னு பேரு, நம்ம கோயம்பேடு பூ மார்க்கெட்ட ஆத்தங்கரைல கொட்டின மாதிரி. செண்டுமல்லிய கயிறு கயிறா கோத்து மலைப்பாம்பு மாதிரி தோள்ல சுத்திட்டு ஓடறாங்க, தரையெல்லாம் சேறு, ஒதுங்கி நின்னா திட்டு, நடந்தா இடி. மேல ஏறி பாலத்துல நடந்தேன். ஆத்துக்குள்ள ஒரு தூண் கூட கிடையாது பாப்பா, 457 மீட்டர் அப்படியே அந்தரத்துல நிக்குது, போல்ட் நட்டு இல்லாம எல்லாம் ரிவெட் அடிச்சதாம். 1943ல யுத்தம் நடந்துட்டிருந்ததால விழா கிழா எதுவும் வைக்காம சத்தமில்லாம தொறந்துட்டாங்க. 26,500 டன் இரும்புல 23,000 டன் டாட்டாவோடது, அதாவது இப்போ நான் போயிட்டிருக்கற ஊர்லேர்ந்து வந்தது. அவ்வளவு பெரிய பாலத்த எது அரிச்சுது தெரியுமா, வெத்தலை எச்சில். போறவன் வரவன் துப்பி துப்பி பாலத்த தாங்கற தொங்கு இரும்போட அடி கரைஞ்சு, அப்புறம் ஃபைபர் கவர் போட்டு மூடிருக்காங்க. நம்ம ஹால் மாடிப்படி மூலைய நெனச்சுக்கிட்டேன்.

அங்கேர்ந்து டீ காசுல ஃபெர்ரி ஏறி சோவாபஜார் காட்ல இறங்கினேன். எல்லாம் குமார்துலிக்காகத்தான். துர்கா பொம்மை செய்யற குயவர் தெரு, ஆகஸ்ட்ல போனா வேலை நடக்கறப்பவே பாக்கலாம்னு ஹால் எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். சந்து சந்தா இருக்கு, ரெண்டு பக்கமும் கொட்டகை, உள்ள மூங்கில் சட்டத்துல வைக்கோல சணல் கயிறால இறுக்கி கட்டி ஆள் உருவம் பண்ணி வச்சிருக்காங்க, தலை கிடையாது, கை இருக்கு விரல் கிடையாது. தலை அச்சுல தனியா வார்த்து, விரல் தனியா பண்ணி கடைசில ஒட்டறாங்க. முதல்ல பசை மாதிரி ஒட்டற களிமண், அது காஞ்சு வெடிச்சதுக்கு அப்புறம் மேல நைசான வேற மண்ணு. மழைல காயாதுன்னு ப்ளோ லாம்ப் வச்சு பொம்மைய வாட்டறாங்க. வைக்கோல் வாசனை, ஈர மண்ணு வாசனை, மண்ணெண்ணெய் வாசனை எல்லாம் கலந்து, நாங்க முன்னாடி கிராமத்துல கொட்டகை போட்டு நாடகம் போடறப்ப வருமே அதே வாசனை.

ஒரு கொட்டகைல வயசானவர் ஒருத்தர், என் வயசுக்கு மேல பத்து வைக்கலாம், அம்மன் முகத்துக்கு ஈரத்துணிய வச்சு தேச்சுட்டிருந்தார். மேலேர்ந்து ஒயர்ல ஒத்த பல்பு தொங்குது. அவர் ஒரு கைல பல்ப பிடிச்சு கன்னத்துக்கு பக்கத்துல கொண்டு போறார், பாக்கறார், விடறார், தேய்க்கறார், திரும்ப பிடிக்கறார். எனக்கு பாத்ததுமே புரிஞ்சுடுச்சு. நேர்ல லைட் அடிச்சா முகம் தட்டையா தெரியும், பக்கத்துலேர்ந்து சாச்சு அடிச்சாதான் மேடு பள்ளம் நிழல் விழும். நான் 31 வருஷமா செய்யறத அவர் மண்ணுல செய்யறார். சும்மா நிக்க முடியல, போய் பல்ப நான் பிடிச்சுக்கிட்டேன். அவர் ஏற இறங்க பாத்தார், ஒண்ணும் சொல்லல, ரெண்டு கையாலயும் தேய்க்க ஆரம்பிச்சுட்டார். அவர் தலைய ஆட்ட ஆட்ட நான் கீழ, பக்கம், கொஞ்சம் மேலன்னு மாத்திட்டே இருந்தேன், கால் மணி நேரம் இருக்கும். எனக்கு பெங்காலி தெரியாது, அவருக்கு தமிழ் தெரியாது, ஹிந்தி ரெண்டு பேருக்குமே அரைகுறை. "லைட் கா காம், நாடக்"னு சொன்னேன், "ஓ, ஜாத்ரா!"ன்னார், பெங்காலிங்க ஊர் ஊரா போய் போடற நாடகம் அது. அப்புறம் மண் குவளைல டீ வாங்கி குடுத்தார். கண்ணு மட்டும் இப்போ போட மாட்டாங்களாம், மஹாளய அமாவாசைக்குத்தான் கண் திறக்கறது. பக்கத்து கடைல வெள்ளை வெளேர்னு கிரீடம், நகை எல்லாம் தொங்குது, தொட்டுப் பாத்தா நெட்டி! நம்ம தஞ்சாவூர்ல கோயில் பொம்மை பண்றாங்களே அதே நெட்டி, இங்க ஷோலாங்கறாங்க. அம்மாக்கு சின்னதா ஒண்ணு வாங்கினேன், விலை சொல்ல மாட்டேன்.

ஜாத்ரான்னார்ல, அதுவும் பக்கத்துலதான். சித்பூர் ரோட்டுல தெக்க நடந்து வந்தா ஜாத்ரா கம்பெனிங்களோட புக்கிங் ஆபீஸ் வரிசையா. சுவரெல்லாம் கலர் கலரா போஸ்டர், வில்லன் முறைக்கறான், ஹீரோயின் அழறா. ரத யாத்திரை அன்னைக்கு புது சீசனுக்கு புக்கிங் ஆரம்பிச்சு, துர்கா பூஜைலேர்ந்து ஊர் ஊரா கிளம்பிடுவாங்க. நம்ம மதுரை, புதுக்கோட்டைல திருவிழா சீசனுக்கு ஸ்பெஷல் நாடகம் புக் பண்ண வருவாங்களே அதே கதைதான். ஒரு ஆபீஸ்ல மேனேஜர் போன்ல யார்கிட்டயோ கத்திட்டிருந்தார், பாஷை புரியல, ஆனா அட்வான்ஸ் பத்தித்தான்னு சத்தியம் பண்ணுவேன்.

மினர்வா தியேட்டரையும் பாத்தேன், பீடன் தெருல, 1893ல ஆரம்பிச்சது. பூட்டியிருந்துது, கேட்டுக்கு வெளிய நின்னு கும்புட்டுட்டு வந்தேன். எதுக்குன்னா தாபஸ் சென்னு ஒருத்தர், லைட்டிங்ல எங்களுக்கெல்லாம் பெரியவர். 1959ல உத்பல் தத்னு பெரிய நாடகக்காரர் அங்க நிலக்கரி சுரங்கத்த பத்தி ஒரு நாடகம் போட்டப்ப, கடைசில சுரங்கத்துல தண்ணி ஏறி ஏறி ஆளுங்க மூழ்கற சீன், மேடைல ஒரு சொட்டு தண்ணி கிடையாது, எல்லாம் இவரோட லைட்டு. அத பத்தி எனக்கு தொழில் கத்து குடுத்தவர் சொல்லி சொல்லி, நான் பாக்காமலே பாத்த மாதிரி ஆயிடுச்சு. அந்த காலத்துல கம்ப்யூட்டர் போர்டா இருந்துது, ஒண்ணும் இல்ல. இப்போ பசங்க ஒரு பட்டன தட்டிட்டு ஃபீல் வரலண்ணேங்கறானுங்க.

மெட்ரோ ஏற கிரீஷ் பார்க் ஸ்டேஷன் போனேன். கிரீஷ்னா கிரீஷ் சந்திர கோஷ், நாடகக்காரர். ஒரு நாடகக்காரன் பேர்ல மெட்ரோ ஸ்டேஷன்! உடனே பொறாமைப்பட்டேன், அப்புறம் நம்ம சென்ட்ரல் எம்ஜிஆர் பேர்ல இருக்கறது ஞாபகம் வந்துச்சு, அவரும் பாய்ஸ் நாடகக் கம்பெனிலேர்ந்து வந்தவர்தானே. எஸ்பிளனேட்ல இறங்கினா வெளிய ஒரு ட்ராம் நிக்குது. இப்போ ரொம்ப குறைச்சுட்டாங்களாம். மெட்ராஸ்லயும் 1953 வரைக்கும் ட்ராம் ஓடிச்சு, உங்க தாத்தா சின்ன வயசுல டிக்கெட் எடுக்காம தொத்திட்டு போன கதைய நூறு தடவ சொல்லுவார். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பலாம்னா செல்லு சார்ஜ் போயிடுச்சு, காலைலேர்ந்து பூவையும் பொம்மையையும் எடுத்தே தீத்துட்டேன்.

கடைசியா அந்த ஆத்துக்கு அடில போற மெட்ரோ. 2024ல தொறந்தது, ஹூக்ளி ஆத்துக்கு கீழ அரை கிலோமீட்டர் சுரங்கம், ஹௌரா வரைக்கும் போகுது. இந்தியாவுல ஆத்துக்கு அடில போற மெட்ரோ இதுதான் முதல்ல. ஆறு வர்ற இடத்துல மட்டும் சுரங்கத்துல நீல லைட் வச்சிருக்காங்க பாப்பா. முக்கால் நிமிஷம்தான். அதுவரைக்கும் ஜன்னல் இருட்டு, திடீர்னு நீலம், பெட்டில இருந்த அத்தனை பேரும் பேசறத நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பறாங்க, ஒரு குழந்தை "மா, ஜல்!"னு கத்துது. தண்ணி எங்க இருக்கு, கான்கிரீட்டு சுவருதான் இருக்கு. மினர்வா வாசல்ல நின்னுட்டு வந்து ரெண்டு மணி நேரம் கூட ஆகல. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. ஹௌராலேர்ந்து திரும்பி எஸ்பிளனேட் வந்தேன், மறுபடியும் ஹௌரா போனேன். மூணு தடவ. மூணாவது தடவ ஜன்னல பாக்கல, ஜனங்க முகத்த மட்டும் பாத்துட்டு வந்தேன், எங்க தொழில்ல அத பாக்கவே முடியாது, நாங்க லைட் போட்டா ஜனங்க இருட்டுல இருப்பாங்க.

ராத்திரி லாட்ஜுக்கு வந்து முட்டிக்கு தைலம் தேச்சுட்டு படுத்தேன், அதுல நீ சொன்னது சரிதான், ஒத்துக்கறேன்.

இன்னொரு விஷயம். நவம்பர்ல பூனேல ஷோ இருக்கும் போல, சங்கத்துல பேசிட்டிருக்காங்க, முடிவானா மறுநாள் ஆஃப். எனக்கு அங்க ஸ்டேஷனும் உன் ரூமும்தான் தெரியும். போன தடவ அந்த சனிவார் வாடா கோட்டை எப்படி இருக்கும்னு கேட்டதுக்கு, மூணு வருஷமா பஸ்ல தாண்டி போறேன், உள்ள போனதில்லப்பான்ன. சனி ஞாயிறு ரூம்ல படுத்துட்டு செல்லு பாக்கறதா சொன்ன, நான் ஒண்ணும் சொல்லல, வேலை அப்படி. ஆனா அங்க வடக்க பாத்து ஒரு பெரிய கதவு இருக்காம், யானை முட்டி உடைக்காம இருக்க இரும்பு முள்ளு வச்சு, டெல்லி தர்வாசான்னு பேராம். உனக்கும் எனக்கும் டெல்லி விடாது போல. ஒரு நாள் லீவு சொல்லி வை. நோட்டும் பென்சிலும் நான் எடுத்துட்டு வரேன்.

அந்த டீ குவளைய தூக்கிப் போட மனசு வரல, இங்க குடிச்சதும் கீழ போட்டு உடைக்கறாங்க. அவர் குடுத்தது ஒண்ணு, அப்புறம் வேணும்னே குடிச்சு சேத்தது மூணு, பழைய ஜெலட்டின் பேப்பர்ல சுத்தி பெட்டில வச்சிருக்கேன். வண்டி ஸ்லோ ஆகுது, ஹீரோவ எழுப்பணும், டிம்மர் பெட்டிய அவர் கிட்ட குடுத்தா தூக்க மாட்டார், எனக்கு கூலி ஆள் பிடிக்கணும். சாப்பிட்டியா?

அப்பா