போட்டோ சங்க ஆண்டறிக்கை: கையில இருக்கற கேமராவ பழகுன வருஷம்

தலைவர் அவர்களுக்கும், குன்னூர் கோத்தகிரில இருந்தெல்லாம் பஸ் புடிச்சு ஊட்டிக்கு வந்திருக்கற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு, நான் நேரா நாம செஞ்ச வேலைக்கு வந்துடறேன்.

போன பொதுக்குழுவுல, சங்கத்துக்குன்னு பொதுவா ஒரு பெரிய லென்ஸ் வாங்கலாம்னு பேச்சு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அவங்கவங்க கேமராக்குள்ள ஏற்கனவே இருக்கற சின்ன சின்ன வசதிய முழுசா பழகிடலாம்னு முடிவு பண்ணோம், மாசக்கூட்டம் எல்லாமே அதுக்குத்தான் போச்சு. நம்ம சங்கம் எடுத்த நல்ல முடிவுகள்ல இது ஒண்ணுன்னு உறுதியா சொல்லுவேன்.

ரொம்ப பிரயோஜனப்பட்டது லெவல் கோடு, அதாவது கேமரா சாயாம நேரா இருக்கான்னு திரைல காட்டற கோடு. கீழ சமவெளில இருக்கறவங்களுக்கு அடிவானம்னு ஒண்ணு கண்ணு முன்னாடி நேரா இருக்கு, நமக்கு எந்தப் பக்கம் திரும்புனாலும் சரிவுதான், தேயிலை ஒரு பக்கம் சாயும், ரோடு இன்னொரு பக்கம் சாயும், கண்ணு எதத்தான் நம்பும். மலை ரயில எடுத்தப்ப இது நல்லா தெரிஞ்சுது. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துல ஏறுற பாதை, செங்குத்தான எடத்துல கிட்டத்தட்ட 12 அடிக்கு 1 அடி ஏத்தம், பெட்டி நேரா வரணும்னு கேமராவ சாய்ச்சு புடிச்சா பின்னாடி மரமெல்லாம் சாஞ்சு அந்த ஏத்தமே படத்துல காணாம போயிடுது. லெவல் பாத்து எடுத்தவங்க படத்துலதான் ரயில் மெய்யாவே மலை ஏறுது.

அடுத்தது அந்த பிளஸ் மைனஸ் பட்டன், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது படத்துல வெளிச்சத்த நாமளே கூட்டி கொறைக்கறது. கேமராக்குள்ள வெளிச்சத்த அளக்கற மீட்டர் எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பல்னு நெனச்சுதான் கணக்கு போடும், அதுனால ஜனவரி காலைல தலைகுந்தா புல்லு மேல கெடக்கற உறைபனி, ஓடி வர்ற மிஸ்ட் எல்லாம் அழுக்கா வருது. பிளஸ் 1 வெச்சு, கூடவே ஹைலைட் வார்னிங்க ஆன் பண்ணிட்டா வெள்ளை எங்க ஒண்ணுமில்லாம போகுதோ அங்க திரைல மினுக்கி காட்டிடும். அந்த மினுக்கல் பொதுவா ஜேபெக் கணக்குல, அதாவது கேமராவே சுருக்கி முடிச்சு குடுக்கற படத்த வெச்சு வர்றது, கேமரா பதிஞ்சத சுருக்காம அப்படியே வெச்சுக்கற ரா எடுக்கறவங்களுக்கு அதுக்கு மேலயும் கொஞ்சம் எடம் இருக்கு, பயந்துட வேண்டாம்.

கண்ண வெச்சு பாக்கற வ்யூஃபைண்டர் ஓரத்துல, அத நம்ம கண்ணு பார்வைக்கு ஏத்த மாதிரி திருப்பிக்கற குட்டி சக்கரம், டயாப்டர், இதப் பத்தி யாரும் பேசறதே இல்ல. கேமரா மங்கலாயிடுச்சு, சர்வீஸுக்கு குடுக்கணும்னு வந்த நம்ம பெரியவர் ஒருத்தருக்கு அத கொஞ்சம் திருப்பி குடுத்ததும் உள்ள எழுத்தெல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது, அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே, செயலாளரா எனக்கு இந்த வருஷம் அது போதும்.

ட்ரைபாட்ல வெச்சா ரெண்டு செகண்ட் டைமர், பட்டன அமுக்கற ஆட்டம் படத்துல வராது, ரிமோட் வாங்கவே தேவையில்ல. சத்தமில்லாத ஷட்டர் சோலைல குருவி எடுக்க நல்லது, ஆனா கல்யாண மண்டபத்துல எல்இடி லைட்டுக்கு கீழ படத்துல பட்டை பட்டையா கோடு விழும், அங்க சாதா ஷட்டர்தான். டிஜிட்டல் ஜூம் மட்டும் யாரும் தொட வேண்டாம், படத்த வெட்டி பெருசு பண்ணி காட்டுது, அத வீட்ல கம்ப்யூட்டர்லயே செஞ்சுக்கலாம்.

வர்ற வருஷம், ஒவ்வொரு கம்பெனி மெனுவுலயும் இதெல்லாம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தமிழ்ல ஒரு சின்ன கையேடு போடறோம். உங்க கேமராவ அடுத்த கூட்டத்துக்கு சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க, பழைய மாடலா இருந்தா கண்டிப்பா எடுத்துட்டு வாங்க, அதுக்குத்தான் சொல்லிக்குடுக்க ஆளே கெடைக்கறதில்ல. லென்ஸ் விஷயத்த கையேடு வந்தப்புறம் பேசிக்கலாம்.